ஓராண்டுச் சந்தா, ஒன்பது நாள் உடம்பு

ஜனவரியில் ஜிம்முக்கு ஓராண்டுச் சந்தா மொத்தமாகக் கட்டினேன். போனது ஒன்பது நாள். பத்தாம் நாள் முழங்கால் மறுத்துவிட்டது. மீதியைக் கேட்டதும் கவுண்ட்டரில் இருந்த தம்பி ரசீதைத் திருப்பிக் காட்டினார். எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், 'கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.'

"வேணும்னா உங்க மச்சான் பேருக்கு மாத்தித் தரோம் சார்."

மச்சான் இளைக்கவா நான் காசு கட்டினேன்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோரின் உரிமையைப் பெரிதும் பாதிக்கும் ஒருதலைப்பட்ச நிபந்தனைகளை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அப்படியொரு ஒப்பந்தத்தை எதிர்க்க மாவட்ட ஆணையம் போதாதாம். மாநில ஆணையத்தின் படியேற வேண்டும். சேவைக் குறைபாடு என்றால் மாவட்டமே போதும். குறைபாடோ என் முழங்காலில். 1915 உதவி எண்ணில் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவும் பலிக்காவிட்டால் படியேற்றம்தான். ஜிம்மில் விட்ட பயிற்சி அங்கே நடந்துவிடும்.