மூன்று வீட்டு வாரிசு

ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீன். இருப்பது என்ற ஒரே வேலைக்கு ஆங்கிலேயனுக்கு எதற்கு இத்தனை வேஷம் என்று கேட்ட பிள்ளைகளுக்கு வாத்தியாரிடமிருந்து அடி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

பதில் இதுதான். அது ஒரு சொல்லே இல்லை; பங்காளிகள்கூட அல்லாத மூன்று குடும்பங்கள் ஒரே ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக்கொண்ட கதை. ஆம், இஸ் குடும்பத்துக்குத் தொழிலே சும்மா இருப்பது. பி, பீன் வகையறாவின் பூர்வத் தொழில் வளர்வது, ஆவது. வாஸ், வேர் ஆட்கள் ஓரிடத்தில் தங்கிக் குடியிருந்தவர்கள். வீட்டைக் காலி செய்ததும் அவர்களை இறந்தகாலம் ஆக்கிவிட்டார்கள் போலும்.

சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே ஊற்றில் பிறந்திருக்க வேண்டும் என்று 1786-ல் கல்கத்தா நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் பேசிவைக்க, மற்ற பண்டிதர்கள் கொடிவழி தேடக் கிளம்பினார்கள். நாஸ்திகருக்குள் ஒளிந்திருக்கும் ‘அஸ்தி’ இஸ்ஸுக்குத் தாயாதி. பெரியவர்கள் ‘தீர்க்காயுஷ்மான் பவ’ என்று வாழ்த்தும் ‘பவ’, பி-க்கு உறவு. ராமன் போன வனவாசத்தின் ‘வாசம்’, வாஸுக்குச் சொந்தம்.

பழைய ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கு மட்டும் இரண்டு குடும்பங்கள் போட்டி போட்டன. பன்மையில் ‘சிந்தோன்’ என்றொரு பெரியவர் கோலோச்சினார். ‘ஆர்’ இங்கிலாந்தின் வடக்கத்தி ஆள். 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடிய வைக்கிங்குகளின் வகையறா, பின்னாளில் வடக்கிலேயே நிலம் பிடித்து உட்கார்ந்தது. அவர்கள் வாயிலும் ‘எரு’ என்று ஏறக்குறைய அதே சொல். அந்தத் தெம்பில் ஆர் மெல்லத் தெற்கே இறங்கி லண்டனையும் வளைத்துப்போட்டது. சிந்தோன் செத்தார், இழவு சொல்லக்கூட ஆளில்லை.

1066-ல் வந்த நார்மன்கள் கோர்ட்டையும் சாப்பாட்டு மேசையையும் பிரெஞ்சுச் சொற்களால் நிரப்பினார்கள். இந்தக் குடும்பச் சண்டையில் மட்டும் தலையிடவில்லை; புத்திசாலிகள்.

ஆல்ஃபிரட் மன்னன் காலத்திலேயே வழங்கிய பி வரிசையை விடாமல், தென்மேற்குக் கிராமத்தார் மட்டும் ‘ஐ பி’ என்றே பேசிவந்தார்கள். 1950-ல் டிஸ்னியின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ படத்தில் கடற்கொள்ளையனாக நடித்த ராபர்ட் நியூட்டன் அந்தத் தென்மேற்கின் டார்செட்காரர். தன் பக்கத்துப் பேச்சையே எடுத்துவிட்டார். அன்றுமுதல் சினிமாக் கொள்ளையர் அத்தனை பேருக்கும் அதுவே தாய்மொழி.

ஆக, நிஜக் கொள்ளைக்காரர்கள் தூக்கிவிட்ட ஆர் பாடப்புத்தகத்தில் நல்ல பிள்ளை. மன்னன் காலத்துச் சொல்லைக் காப்பாற்றிய விவசாயிக்குக் கொள்ளைக்காரன் பட்டம்.