பகலில் முதுகலை, ராத்திரி இளங்கலை

என் மகள் பகலில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள், ராத்திரியில் பி.எஸ். டேட்டா சயன்ஸ் படிக்கிறாள். நடுவில் சாப்பிடுகிறாள் என்று என் மனைவி சொல்கிறாள், நான் பார்த்ததில்லை. முதுகலைக்கு வந்த பிறகு மறுபடி எதற்கு இளங்கலை என்று, ஃபீஸ் கட்டுகிறவன் என்ற ஹோதாவில் கேட்டேன். "அது வேற, இது வேறப்பா" என்றாள். புரியாததற்கெல்லாம் தலையாட்டும் வித்தையை வங்கி உத்தியோகம் எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆட்டினேன்.

சட்டப்படி இதில் தப்பில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் யுஜிசி சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 2020இல், சென்னை ஐஐடி மகளின் இந்த ராத்திரிப் படிப்பை ஆன்லைனில் தொடங்கிவிட்டது. ஜேஇஇ எழுதாதவர்களும் நாலு வாரம் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். முழுப் பட்டத்துக்கு 142 கிரெடிட். வழியில் இறங்கிக்கொண்டாலும் இறங்கிய ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட் உண்டு: அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமா, பி.எஸ்ஸி. எங்கள் காலத்தில் வழியில் இறங்கியவனுக்கு 'பி.ஏ. (ஃபெயில்)' ஒன்றுதான், அதையும் போர்டில் எழுதி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

இதைக் கும்பகோணத்துச் சித்தப்பாவுக்கு போனில் விளக்கப் போனது என் போதாத காலம்.

"எம்.எஸ்ஸி.க்குப் போன பொண்ணு ஏன்டா திரும்ப டிகிரி படிக்கிறா? பழசுல ஏதாவது அரியரா?"

"அரியரெல்லாம் இல்ல சித்தப்பா. ராமானுஜனையே எடுத்துக்குங்க. டிகிரியே இல்லாத ஆளுக்கு 1913இல் மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை குடுத்துச்சு. பி.ஏ. பட்டம் அப்புறம்தான், 1916இல், கேம்பிரிட்ஜில். முன்ன பின்ன நடக்கிறதுதான்."

"ராமானுஜனா? எங்க காலேஜ்ல கோட் அடிச்சவராச்சே! அப்ப அரியர்தான்னு சொல்லு."

போனை வைத்துவிட்டேன். சித்தப்பா சொன்ன செய்தி சரிதான் என்பதுதான் எரிச்சல்.

எம்.எஸ்ஸி. பக்கமாவது எனக்குப் புரியுமா என்று ஒருநாள் டோபாலஜி பாடம் கேட்டேன். "அப்பா, ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தறாங்க. ஏன் இட்லி மாலை சாத்தறதில்ல?" என்று ஆரம்பித்தாள். ஆழ்வார்பேட்டை ஆஞ்சநேயரைத் தெரிந்தவனுக்கு இது கௌரவப் பிரச்சினை. ஓட்டை இல்லாததைக் கோக்க முடியாது என்றேன். "அவ்வளவுதான் டோபாலஜி" என்றாள். கிழிக்காமல் ஒட்டாமல் ஒன்றை இழுத்து வளைத்து இன்னொன்றாக்க முடிந்தால் இரண்டும் ஒன்றே. ஆகவே இட்லி, டம்ளர், டபரா மூன்றும் ஒன்று; பிடி வைத்த காபிக் கப்பும் மெதுவடையும் ஒன்று. அன்று சாயங்காலமே இதை வாக்கிங் நண்பர்களிடம் அவிழ்த்துவிட்டேன். அவர்கள் மறுநாள் முதல் வேறு ரூட்டில் நடக்கிறார்கள்.

இரண்டு படிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடமும் உண்டாம். பகலில் ஓர் அணியின் ஐகன் வெக்டர்களைப் பற்றித் தேற்றம் நிறுவுகிறாள். ராத்திரி, கார்ல் பியர்சன் 1901இல் எழுதிவைத்த முறைப்படி, நூறு நெடுவரிசை கொண்ட அட்டவணையை இரண்டு மூன்று நெடுவரிசையாகச் சுருக்க அதே வெக்டர்களைப் பைத்தானில் தேடுகிறாள். "ரெண்டும் ஒரே கணக்குப்பா." அப்படியானால் ஃபீஸ் மட்டும் ஏன் இரண்டு என்று கேட்க நினைத்தேன். மனைவி பார்த்த பார்வையில் நினைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

டிப்ளமாவில் ஒரு புராஜெக்ட் வந்தது. நிஜமான ஒரு சின்ன வியாபாரத்தின் கணக்கை வாங்கி அலச வேண்டும். எல்டாம்ஸ் ரோடு பக்கத்துச் சந்தில் எங்கள் அண்ணாச்சி கடை இருக்கிறது. நான் பேசி முடிக்கிறேன் என்று மார்தட்டினேன்.

அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார்: "சார், பாப்பா ஜிஎஸ்டி ஆபீஸ்ல சேர்ந்திருச்சா?"

படிப்பு விஷயம் என்று சத்தியம் செய்து, நான் ஜாமீன் நின்ற பிறகு, பில் கட்டுகளோடு நீள வாக்கில் மடங்கிய கடன் நோட்டும் வந்தது. எண்ணெய்க் கறை, அடித்தல் திருத்தல், 'மாடி வீட்டு ஐயா', 'சிவப்பு ஸ்கூட்டர்' என்று பற்று எழுதிய நோட்டு. மகள் அத்தனையையும் எக்செல்லில் ஏற்றினாள். பெயர்களை நீக்கி எல்லாருக்கும் நம்பர் போட்டாள். தனியுரிமையாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பரேட்டோ வரைபடம் தயாரானது. பரேட்டோ என்ற இத்தாலியர் பெயரால் வழங்கும் விதிப்படி, பாக்கியில் பெரும்பகுதி ஒரு சிலர் தலையிலேயே நின்றது. உச்சியில் நின்றவர் வாடிக்கையாளர் 7. "யாரோ பெரிய குடும்பஸ்தர் போலிருக்கு, பாவம்" என்றேன்.

பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை என்பதை அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி 1990களிலேயே காட்டிவிட்டாராம். மாணவியாக இருந்தபோது 20 டாலருக்கு வாக்காளர் பட்டியல் வாங்கி, பெயரில்லாத மருத்துவப் பதிவுகளிலிருந்து மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டுபிடித்தவர். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, அஞ்சல் குறியீடு, மூன்றே தகவல்கள் போதுமாயிருந்தன.

என் மனைவிக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் 7 வாங்கிய சாமான் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். தினமும் சாயங்காலம் ஐந்தே முக்கால், கடலை மிட்டாய் இரண்டு, தேங்காய் பன் ஒன்று, ஞாயிறு லீவு.

"ஏங்க, உங்க வாக்கிங் ஞாயித்துக்கிழமை கிடையாதில்ல?" என்றாள். பிறகு மகளிடம் திரும்பி, "இந்த ஏழாம் நம்பருக்குச் சுகர் மாத்திரை கணக்கு என்கிட்ட இருக்கு. அதையும் சேத்துக்கோ, மார்க் கூடுதலா வரும்" என்றாள்.