என் மேசிக்கு ஒரு ‘வி.ஏ.’ நம்பர் வேண்டி

அனுப்புநர்: பழைய மேசி டிராக்டர் ஒன்றை வைத்து மேய்த்துக்கொண்டிருக்கும் விவசாயி, நெடுங்காடு பக்கம், காரைக்கால்.

பெறுநர்: வண்டிகளுக்கு வயது பார்த்து விதி எழுதும் மேலிடம், புது தில்லி.

பொருள்: டிராக்டரைப் பழம்பெரும் வாகனமாக ஏற்கக் கோருதல் தொடர்பாக.

மேன்மை பொருந்திய ஐயா,

2021 ஜூலையில் தாங்கள் வெளியிட்ட பழம்பெரும் வாகன விதிகளை என் மச்சான் மகன் செல்போனில் படித்துக் காட்டினான். முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். எஞ்சினிலோ சேசிஸிலோ பெரிய மாற்றம் கூடாது. 20,000 ரூபாய் கட்டினால் நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று இரண்டு எழுத்து போட்டுத் தருவீர்கள், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. (அதை அரைகுறையாகக் கேட்டு, வி.ஏ.ஓ. வரப்போகிறார் என்று தெருவில் பாதிப்பேர் பட்டாவைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அதைச் சமாளித்தது தனிக் கதை.)

எங்கள் மேசியை அப்பா 1973-இல் வாங்கினார். காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்து அப்போது பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. எஞ்சின் சென்னை செம்பியத்து சிம்சன். 1840-இல் தொடங்கி, அந்தக் காலத்தில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது. இதைவிடப் பழமைக்கு நான் எங்கே போக?

ஆனால் விதியில் ஒரு முடிச்சு இருக்கிறது. இரண்டு சக்கர வண்டி, ஆளேற்றும் நாலு சக்கர வண்டி, இவற்றுக்குத்தான் அந்தப் பட்டமாம். டிராக்டருக்கும் நாலு சக்கரம்தான் ஐயா, நேற்றுகூட எண்ணிப் பார்த்தேன். சேற்றில் இறங்கும்போது கேஜ் வீல் இரண்டு கூடும். சோதனைக்கு வரும் அன்று கழற்றிவிடுகிறேன். ஆளேற்றுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நடவு நாளில் வந்து பாருங்கள்.

அந்த வண்டிகளைக் கண்டபடி ரோட்டில் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் வண்டியைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் எழுதினீர்களோ என்று புல்லரித்துப் போனேன். டீசல் போடவும் ரிப்பேருக்கும் தவிர அது ரோட்டுக்கு வருவதில்லை. ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. எந்த இடத்தில் ஏர் வாங்குகிறது என்று நானும் மெக்கானிக்கும் மூன்று வருஷமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

அந்த ஆராய்ச்சியைக் கொஞ்சம் விளக்கினால்தான் என் கோரிக்கை புரியும். நாங்கள் கடைமடைக்காரர்கள், எதையும் வாய்க்கால் கணக்கில்தான் சொல்லத் தெரியும். டீசல் டேங்க்தான் மேட்டூர் அணை. அதன் அடியில் இருக்கும் பித்தளைக் காக் மதகு. அதற்குக் கீழே வண்டல் தங்க ஒரு கண்ணாடிக் கிண்ணம், பிறகு துணி பில்டர், பிறகு காகித பில்டர், அப்புறம் பம்ப். கடைசியில் நாசில், அதுதான் எங்களைப்போலக் கடைமடை. மேலே யார் என்ன தப்புச் செய்தாலும் காய்வது அதுதான்.

2007-இல் நடுவர் மன்றம் காவிரியில் எங்கள் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. அது வாய்க்காலில் வந்து சேருவதற்குள் நாற்றங்கால் வெடித்துவிடும். டீசலில் மட்டும் கேட்காமலே தண்ணீர் வந்துவிடுகிறது. பாதி டேங்கோடு ராத்திரி நிறுத்தினால் கடற்காற்றின் ஈரம் உள்ளே வேர்த்துச் சொட்டும். அது போதாதென்று போன சம்பாவில் ஒரு பங்கில் கேனில் பிடித்து வந்த டீசலில் வேறு தண்ணீர். எந்தப் பங்க் என்று சொல்லமாட்டேன். நாளைக்கும் அங்கேதான் போகவேண்டும், தமிழ்நாட்டைவிட விலை குறைவு. பக்கத்து நரிமணத்தில் பூமிக்கு அடியிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். நாங்கள் எண்ணெய்க்கு அடியிலிருந்து தண்ணீர் எடுக்கிறோம்.

அந்த டீசலை ஊற்றிய அன்றைக்கு வண்டி நடுவயலில் இரண்டு இருமல் இருமி நின்றது. குனிந்து பார்த்தால் கிண்ணத்தில் மேலே தேன் நிறத்தில் டீசல், கீழே கண்ணீர்போலத் தெளிவாக ஒரு விரற்கடை தண்ணீர், அடியில் துருப்பொடி. எங்கள் வண்டியில் இருப்பது ரோட்டரி பம்ப். அதற்குத் தனியாக எண்ணெய் விட வழி கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு உயவு. தண்ணீர் போனால் துருப்பிடித்து இறுகிவிடும். கிண்ணத்தில் அது தெரிந்ததால்தான் பம்ப் பிழைத்தது.

காக்கைத் திருகினேன். திரும்பியது, மூடவில்லை. வருஷக்கணக்காகத் திறந்தே கிடந்த மதகு அப்புறம் இறங்குமா? கிண்ணத்தைக் கழற்றியதும் டீசல் முழங்கை வழியாக அக்குளுக்கு ஓடியது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “ஏன்ணே, வாரத்துக்கு ஒரு தடவையாவது இதை மூடித் திறந்தா என்ன? சனிக்கிழமை திருநள்ளாறுக்கு நல்லெண்ணெய் வாங்கிட்டுப் போறீங்கல்ல, அப்படியே இதையும் ஒரு கை பாத்துட்டுப் போங்க” என்றான். கிண்ணத்தை டீசலிலேயே கழுவினான். வேஸ்ட் துணியால் துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டான், ஒரு நூல் போதுமாம் வழியை அடைக்க. புது ரப்பர் வளையம், புது பில்டர். பில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்ப்பை அடித்தான். முதலில் சோப்பு நுரைபோல வந்தது, பிறகு ஒன்றிரண்டு குமிழி, பிறகு கம்பிபோல டீசல். ஸ்க்ரூவை முடுக்கி, நாசில் நட்டையும் தளர்த்திச் செல்ப் அடித்து மிச்ச ஏரை எடுத்தான். வண்டி கிளம்பியபோது மணி இரண்டு, சோறு ஆறிவிட்டது.

திருநள்ளாறு என்றதும் ஞாபகம் வருகிறது. டிராக்டரைப் பத்து வருஷத்தில் உடைக்கச் சொல்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி கிளம்பி, அப்படியில்லை, முதலில் 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம் என்று தாங்களே விளக்கம் சொன்னீர்கள். 15 வருஷம் என்றால் இரண்டு ஏழரை. ஐந்து வருஷம் என்றால் இரண்டு சனிப் பெயர்ச்சி. தாங்கள் யாரைக் கேட்டுக் கணக்குப் போட்டீர்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சனி பகவான் வயதை மட்டும் பார்த்துப் பிடிப்பதில்லை, ஜாதகத்தையும் பார்ப்பார். ஐந்து வருஷத்து வண்டியில் பில்டரை ஒருமுறைகூடக் கழற்றாமல் கரும்புகை கக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் பத்து வருஷம் பயமில்லை.

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா தாத்தாக்களுக்கு வயதானதும் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வந்தது. என் மேசிக்கு வயதானதும் புதுப்பிப்புக் கட்டணம் வருகிறது. கட்டிவிடுகிறேன், அது பிரச்சினையில்லை. கல்யாண மண்டப வாசலில் பூமாலையோடு நிற்கிற பழைய காருக்குப் பட்டம், ஐம்பது வருஷமாகச் சேறடிக்கிற வண்டிக்குக் கிடையாது என்றால், வேலை செய்வதுதான் குற்றமா என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்கிற இடத்தில் ஒரு சின்ன உண்மை: ஸ்லீவும் பிஸ்டனும் இரண்டு முறை மாறியிருக்கின்றன. ரிட்டன் லைன் பிளாஸ்டிக் டியூப், கட்டுக்கம்பி போட்டது. இந்தப் பத்தியைத் தாங்கள் படிக்காமல் விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

சோதிக்க ஆள் அனுப்புவதானால் சனிக்கிழமை காலையில் அனுப்புங்கள், காக்கைத் திருகும் நேரம். ஆர்.சி. புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டுகிறேன். வருகிறவரைப் பழைய செருப்பு போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். மதகு இன்னும் முழுசாக மூடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மேசிக்காரன்