அப்பு திரித்த கயிறு

கேள்வி: ஊர்காவற்றுறையில் முந்தி யானைகளைக் கயிற்றால் கட்டி வைத்ததால்தான் ‘கயிற்ஸ்’ என்ற பெயர் வந்தது என்று எங்கள் அப்பு சொல்லுவார். சரியா?

பதில்: யானை சரி. கயிறு அப்பு திரித்தது.

வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக நடத்தி வந்து, இந்தக் கரையில் கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். போர்த்துக்கேயர் இந்த இடத்துக்கு வைத்த பெயரே யானைத்துறை. அவர்கள் பாஷையில் துறைக்கு ‘கைஸ்’. யானையெல்லாம் கப்பலேறிப் போக, ‘கைஸ்’ மட்டும் கரையில் நின்று ‘கயிற்ஸ்’ ஆனது. ஊர்காவற்றுறையிலும் ஒரு துறை இருக்கிறதே! ஆகவே ‘கயிற்ஸ் துறை’ என்பவர், ‘நடுச் சென்ரர்’ என்பவருக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

கேள்வி: ஆங்கிலத்தில் துறைக்குக் கியூ, யூ, ஏ, வை என்று எழுதுகிறார்களே, அதை ‘குவே’ என்று வாசிக்கலாமா?

பதில்: வாசிக்கலாம், சிரிப்பார்கள். உச்சரிப்பு ‘கீ’, திறப்புக்குச் சொல்கிற அதே கீ. பழைய ஆங்கிலேயர் எழுதியதும் அப்படித்தான். பிறகு பிரெஞ்சுக்காரரைப் பார்த்து எழுத்தை மாற்றினார்கள், வாய் மாறவில்லை. எண்சாத்திரம் பார்த்துப் பிள்ளையின் பெயரில் இரண்டு எழுத்தைக் கூட்டினாலும், ஆச்சி பழையபடிதானே கூப்பிடுவா?

கயிற்ஸும் இந்தக் ‘கீ’யும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பழைய பிரெஞ்சு தாய், அதற்கும் முன்னால் கெல்டிக் பாட்டி. ஒன்று கவனியுங்கள்: கரையோடு ஒட்டி நீளமாகக் கட்டிய அணைசுவர்தான் ‘கீ’. குறிகட்டுவானில் நயினாதீவு வள்ளத்துக்கு நாங்கள் வெயிலில் காய்ந்து நிற்பது ஜெற்றி, கடலுக்குள் கை நீட்டியது. அதுவும் பிரெஞ்சுதான், ‘எறிந்தது’ என்று பொருள்.

கேள்வி: எங்கள் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த ‘டெல்ஃப்ட்’ என்ற பெயர் ஆங்கில அகராதியில் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, ஆனால் தீவாக இல்லை, கோப்பையாக! ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் செய்த நீலமும் வெள்ளையுமான மண்பாண்டத்துக்கு அந்தப் பெயர். நகரத்தின் பெயருக்கோ ‘தோண்டிய வாய்க்கால்’ என்று பொருள். துருவி ஆராய்வதைச் சொல்லும் ‘டெல்வ்’ அதற்குச் சொந்தம். கணினி எழுதித் தந்த கட்டுரைகளில் அந்தச் சொல்லுக்கு ஒரு நேரம் நல்ல மவுசு இருந்தது.

ஒல்லாந்தர் மற்றத் தீவுகளுக்கும் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒட்டி நின்றது டெல்ஃப்ட்தான். நம்பாவிட்டால், அனலைதீவார் ஒருவரை ‘ரொட்டர்டாம் அண்ணை’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பியும் பாரார்.