சுற்றி வளைக்காமல் சொல்லவும்!
2024-இன் பாப் ஆல்பங்கள் பற்றி ஏற்காட்டிலிருந்து கேள்வி-பதில்

இந்த ஆண்டு உங்களுக்கு மிகவும் பிடித்த பாப் ஆல்பம் எது? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.
(நாகலூர் வாசகர்)

சேலத்திலிருந்து இங்கே ஏறி வருவதற்கே இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்காரனிடம் சுற்றி வளைக்காதே என்றால் எப்படிங்க? சரி, சொல்லிவிடுகிறேன்: ராப் பாடகர் அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’. காரணத்தைக் கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதுவரை பொறுங்கள்.

தமிழில் ஏது ஆல்பம்? எல்லாம் சினிமாப் பாட்டுத்தானே?
(அஸ்தம்பட்டி, சேலம்)

எழுதியிருப்பது அஸ்தம்பட்டியிலிருந்து. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் நான் எதற்கும் கீழே இறங்க வேண்டும். 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ எடுத்துத் தமிழ் சினிமாவுக்கே வண்ணம் பூசிய இடம் அது. சேலத்துக்காரரிடம் சினிமாப் பாட்டைக் குறைத்துப் பேசிவிட்டுப் பத்திரமாக மலையேற முடியுமா?

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சினிமாப் பாட்டில் கதாநாயகனுக்கு என்ன வேண்டுமோ அதைப் பாடகர் பாடுகிறார். ஆல்பத்தில் பாடுகிறவருக்கே ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது. இதை நமக்கு முன்னால் கண்டுகொண்டவர்கள் இலங்கைத் தமிழர்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.இ.மனோகரனும் பொப்பிசை பாடிக் கொட்டகையை ஆட வைத்தபோது அவர்களுக்குப் படமும் தேவைப்படவில்லை, கதாநாயகனும் தேவைப்படவில்லை. அங்கே ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் வாங்கிய மனோகரன் இங்கே வந்தார். நாம் என்ன செய்தோம்? ‘சிலோன் மனோகர்’ என்று பெயரை மாற்றி வில்லன் கோஷ்டியில் நிறுத்தினோம்.

அப்படியானால் சாய் அபயங்கர் ஏன் உங்கள் பட்டியலில் இல்லை? ‘கட்சி சேர’ கேட்கவில்லையா?
(கோபமான வாசகி, சேலம்)

கேட்காமல் இருக்க யாராவது விட்டார்களா? ஜனவரியில் அது, அடுத்து ‘ஆச கூட’. இரண்டும் தனிப்பாடல்கள். ஆல்பம் வரட்டும், சேர்த்துக்கொள்கிறேன். அதற்குள் சினிமா கூப்பிட்டுவிட்டது. ‘பென்ஸ்’ படத்துக்கு இசை அவர்தானாம். பாடகர்கள் திப்பு-ஹரிணி வீட்டுப் பிள்ளை, சீக்கிரம் திரும்பி வரமாட்டார்.

இந்த ஆண்டு நம் மலையில் அதிகம் ஒலித்த புதுப் பாட்டு எது?
(பெயர் வேண்டாம் என்றவர், ஒண்டிக்கடை)

என் காதுக் கணக்கில், 1989-ஆம் ஆண்டுப் பாட்டு.

செப்டம்பரில் ‘லப்பர் பந்து’ படம் வந்தது. அதில் கெத்து என்ற கிரிக்கெட் வீரர் மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டைப் போட்டார்கள். அதற்கப்புறம் டீக்கடை, வேன், கல்யாண வீடு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானம் என்று எல்லா இடத்திலும் அதே பாட்டுத்தான். அதற்கு முன்பே பிப்ரவரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்து 1991-இன் ‘குணா’ பாட்டைக் கிளப்பிவிட்டிருந்தது. அதற்காக மே மாதம் இளையராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் செய்தியானது. இரண்டு பாட்டும் அவருடையவைதான். பாவம், இந்த ஆண்டு புதுப் பாட்டு போட்டவர்கள். பக்கத்து ஸ்டூடியோக்காரரை ஜெயித்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். எதிரே மட்டை பிடித்து நின்றவரோ முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய இளையராஜா.

இதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற ஒரே ஒரு படத்தால் கொடைக்கானலின் குணா குகைக்குக் கூட்டம் அலைமோதியது. நம் சேர்வராயன் கோயிலும் குகைதான். குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம். யாரும் உள்ளே பாட்டு எடுக்கவில்லை. ‘ஏழைகளின் ஊட்டி’க்கு இதிலும் ஏழ்மை.

டெய்லர் ஸ்விஃப்ட் பற்றி ஒரு வார்த்தையாவது…
(கல்லூரி மாணவி, சேலம்)

ஒரு வார்த்தையில் முடிக்கிற பழக்கம் அவருக்கே இல்லையே! ஏப்ரல் 19 அன்று ‘தி டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்’ ஆல்பத்தில் 16 பாட்டு கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 15. கூட்டினால் 31 பாட்டு, இரண்டு மணி நேரம். நல்ல பாட்டு பத்து தேறும். மிச்சத்தைப் பார்த்துக் கைநடுங்காமல் வெட்டுகிற ஒரு பத்திரிகை ஆசிரியர் அவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

நேர்மாறாக, பில்லி ஐலிஷின் ‘ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்’. முன்னோட்டமாக ஒரு பாட்டைக்கூட வெளியிடாமல், மே 17 அன்று பத்துப் பாட்டையும் ஒரேயடியாகக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அடிவாரத்தில் போட்டால், எதிரே லாரி மாட்டாதிருந்தால், ஏரிக்கு வந்து சேரும்போது கடைசிப் பாட்டு முடியும். முணுமுணுப்பில் தொடங்குகிற பாட்டு பாதியில் திசை மாறி வேறொன்றாகிவிடும். தனித்தனியாகப் பொறுக்கிக் கேட்டால் அது புரியாது. வெளிநாட்டு ஆல்பங்களில் என் முதல் இடம் இதற்குத்தான்.

என் மகள் போனில் வெறும் பச்சை நிறத்தில் ஒரு படம் வைத்திருக்கிறாள். கேட்டால் ஆல்பம் என்கிறாள். கண்ணில் ஏதும் கோளாறா?
(கவலைப்படும் அப்பா, ஆத்தூர்)

உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அது சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’, ஜூன் மாதம் வந்தது. அட்டையில் கண்ணைக் கூச வைக்கும் பச்சை, மங்கலாக ஒரே ஒரு சொல், அவ்வளவுதான். நம்மூர் பிளெக்ஸ்காரரிடம் கொடுத்திருந்தால் கைகூப்பிய இருபது முகங்களை ஓரத்தில் ஒட்டாமல் விட்டிருக்க மாட்டார். ஆட்டம் போடத் தோதான ஆல்பம். மகள் தூங்கின பிறகு நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

அறிவுக்கு முதலிடமா? பாட்டுக்காகவா, கொள்கைக்காகவா?
(எஸ்டேட் ரைட்டர் ஒருவர்)

இந்தக் கேள்வியை ஒரு காப்பித் தோட்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பதிலும் அங்கேதான் இருக்கிறது.

வள்ளியம்மாள் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்டவர். 2021-இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு வழியாக உலகமே அவரைத் தெரிந்துகொண்டது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும் என்றது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் தேயிலை வளர்த்தவர்களின் கையில் ஒரு சாண் நிலம் இல்லை. அவர்கள் பாடிய பாட்டும் அதிகம் வெளியே கேட்கவில்லை.

நம் மலையைப் பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பி கொண்டுவந்தார். அவர் பெயர் எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கிறது. பழம் பறித்தவர்களின் பெயர் எதில் இருக்கிறது? அறிவு செய்திருப்பது இந்த இடத்தைத்தான் தொடுகிறது. பாட்டியின் பெயரை ஆல்பத்தின் நெற்றியிலேயே எழுதி, அதன் கீழே தன்னைப் பேரன் என்று மட்டும் போட்டுக்கொண்டார். இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 2019-இல் செய்த ‘தெருக்குரல்’ ஆல்பத்தில் கோபம் முன்னால் நின்றது. இதில் கோபம் போகவில்லை, ஆனால் கூடவே குடும்பமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பேச்சு மிகுந்து மெட்டு பின்வாங்குகிற இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்படியிருந்தும் முழுதாகக் கேட்டு முடித்தபோது ஓர் ஆளைச் சந்தித்த உணர்வு இருந்தது. டிசம்பர் என்றால் இங்கே பழம் பறிக்கிற பருவம். வரிசையில் யாராவது ஒருவர் இடுப்பில் போன் பாடிக்கொண்டே இருக்கும். அதில் இந்த ஆல்பமும் ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆக, பாட்டுக்காகத்தான். கொள்கை மட்டும் இருந்தால் கூட்டத்துக்குப் போயிருப்பேன்.

வெளிநாட்டுத் தமிழர் யாரும் இல்லையா?
(பெங்களூரில் வேலை பார்க்கும் ஏற்காட்டுக்காரர்)

சுவிட்சர்லாந்தின் பிரியா ரகு இருக்கிறார். ‘சந்தோஷம்’ என்றே தன் ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார். ஆனால் அது 2023 அக்டோபரில் வந்தது. நான் இந்த ஆண்டுதான் அதில் விழுந்தேன். விதிப்படி சேர்க்க முடியாது, மனசாட்சிப்படி சொல்லிவிட்டேன்.

பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. லண்டனின் எம்.ஐ.ஏ. 2005-இல் அப்பாவின் பெயரில் ‘அருளர்’ கொடுத்தார், 2007-இல் அம்மாவின் பெயரில் ‘கலா’. இப்போது அறிவு பாட்டிக்குக் கொடுத்திருக்கிறார். பிள்ளைக்கு வைப்பது போலவே ஆல்பத்துக்கும் வீட்டுப் பெரியவர் பெயரை வைக்கிறோம். அடுத்து யாராவது ஒரு மாமாவை நினைத்துக்கொண்டால் நல்லது. அவர்கள் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எங்கே கேட்பது? இங்கே சிக்னலே வருவதில்லை.
(காவேரி பீக் பக்கத்திலிருந்து)

சேலம் போகும்போது போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றபோது எனக்குக் கைகொடுத்தவை இறக்கி வைத்த பாட்டுகள்தான். ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், நடுவில் தாவாதீர்கள். பேருந்தில் கேட்பதானால் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் போட்டு மாட்டிக்கொண்டால், தயவுசெய்து கண்டக்டரிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.