தலைநகரத் தூண்டிலாளரின் மூட்டை இலக்கணம்

கயாக் என்பது இருமுனைத் துடுப்பால் செலுத்தப்படும் ஒடுங்கிய சிறு படகாகும். அதிலும் இருக்கை மேற்பரப்பிலேயே அமைந்து, ஏறிய நீர் துளைகள் வழியே தானே வடிந்துவிடும் வகையே புதிதாக மீன்பிடிக்க வருவோருக்கு உகந்தது. மூன்று மீட்டர் நீளமுள்ள இப்பொருளைத் தில்லியில் வாங்குவது எளிது. மயூர் விகாரின் மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதும், மெட்ரோ நிலையத்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் நுழைப்பதுமே அரிது. 2023 ஜூலையில் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டு, 1978-ஆம் ஆண்டின் 207.49 மீட்டரைக் கடந்தபோது, யமுனை தானே சிவில் லைன்ஸ் வாசல்வரை வந்து இத்தொல்லையை நீக்கியது. ஆயினும் அன்று படகேறியோர் தேடியது மீனையன்று, மனிதரை.

படகினும் அரிது மீன். 1,376 கி.மீ. ஓடும் யமுனையின் மாசில் ஏறத்தாழ 80 விழுக்காடு, வசீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடைப்பட்ட 22 கி.மீ.யிலேயே சேர்வதாலும், நீரில் கரைந்து மீனுக்கு மூச்சாகும் உயிர்வளி அங்கே பல மாதங்கள் அற்றுப்போவதாலும், காளிந்தி குஞ்சில் தூண்டிலிடுவோருக்கு வெண்ணுரையே வாய்க்கும். ஆகவே மூட்டையில் முதலில் இடம்பெற வேண்டியது வரைபடம். வசீராபாத்துக்கு மேலே பல்லாவை நோக்கிச் செல்லச் செல்ல ஆறு மீண்டும் ஆறாகிறது. இரண்டாவது, மீன்பிடிப்பதற்கான அனுமதிச் சீட்டு.

அடுத்தது உயிர்காப்பு மேலங்கி; அது அணிவதற்குரியதேயன்றி, இருக்கைக்கு மெத்தையாக இடுவதற்குரியதன்று. துடுப்பையும் தூண்டில் கோலையும் படகோடு இணைக்கும் கயிறு, உதவிக்கு அழைக்க ஊதல், தூண்டில் முள்ளைக் கழற்றக் குறடு, கயிறு சிக்கினால் அறுக்கக் கத்தி, குடிநீர், தொப்பி ஆகியவை இன்றியமையாதன. புதியவரோ இவற்றை விடுத்து, ஆறு வகைப் பொய்யிரைகளையும் மடக்கு நாற்காலியையும் பரோட்டா அடுக்கையும் ஏற்றுவார். படகு ஒருமுறை கவிழ்ந்ததும், கட்டப்படாத பொருள் அனைத்தும் ஆற்றுக்கே உரியது என்னும் விதி அவருக்கு விளங்கும்.

இறுதியாக, நீர்புகாத பைகள் இரண்டு வேண்டும்: ஒன்று கைப்பேசிக்கு, மற்றொன்று மீனுக்கு. தொடக்கக் காலத்தில் இரண்டாவது பையே எப்போதும் உலர்ந்து திரும்புவதால், கைப்பேசியையும் அதிலேயே வைப்பது சிக்கனம் எனக் கருதுவோரும் உளர்.