பத்து நாள்காரர்

ஜனவரி முதல் தேதி, சித்திரை முதல் தேதி, மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்த மறுநாள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் பத்து நாள்காரர் அவதரிக்கிறார். வயது நாற்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். சட்டையின் நாலாவது பொத்தான் சில மாதங்களாகவே சங்கடத்தில் இருக்கும். டாக்டர் டேப் வைத்து இடுப்பை அளந்துவிட்டு, “நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது சார், உங்களுக்கு 104” என்பார். “வாரத்துக்கு அரை கிலோ குறைஞ்சாப் போதும், அவசரமே இல்லை” என்றும் சொல்வார். இரண்டாவது வாக்கியம் வெளியே வருவதற்குள் நம்மவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். மனசுக்குள் கணக்கு முடிந்துவிட்டது. எட்டு கிலோ, பத்து நாள்.

முதல் வேலை கொள்முதல். வியர்வையை உறிஞ்சும் டி-ஷர்ட், குதிகாலில் காற்றடைத்த ஷூ, அடிகளை எண்ணும் வாட்ச், கிரீன் டீ, சியா விதை, நாட்டு மருந்துக் கடையில் யாரோ சொன்ன ஏதோ ஒரு பொடி, அரைக் கிலோ கொள்ளு. கடைசியாக, இந்தக் கதையின் வில்லன்: கண்ணாடித் தட்டு வைத்த டிஜிட்டல் எடை மெஷின். ரயில்வே பிளாட்பாரத்தில் கலர் லைட்டும் சுழலும் சக்கரமுமாக நின்றிருந்த பழைய எடை மெஷினுக்கு ஓர் இரக்க குணம் உண்டு. காசு போட்டால் எடையோடு சேர்த்து ஓர் ஆறுதல் வாக்கும் அச்சடித்து அட்டையாகத் தள்ளும். எடை கூடியிருந்தாலும் எதிர்காலம் நன்றாக இருக்கும். வீட்டு மெஷினுக்கு அந்த நாகரிகம் கிடையாது. எண்ணைக் காட்டிவிட்டு அணைந்துவிடும்.

காலையில் அவர் அதில் ஏறுகிற வைபவத்தைப் பார்க்க வேண்டும். குளித்துத் தலை துவட்டியாகிவிட்டது. வாட்ச் கழற்றியாகிவிட்டது. மோதிரம், மூக்குக் கண்ணாடி, குலதெய்வம் கோயில் தாயத்து எல்லாம் ஒவ்வொன்றாக மேஜைக்குப் போகும். மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறுவார், காற்றுக்கும் கனம் உண்டு என்ற நம்பிக்கையில். 86.4. இறங்கி மெஷினைக் காலால் நகர்த்தி சமையலறை டைல்ஸில் வைப்பார். 86.6. பூஜையறை வாசலில் 86.1. அன்றிலிருந்து அதிகாரபூர்வ எடை பூஜையறை வாசலில்தான் எடுக்கப்படும். தரை சமமாக இல்லாவிட்டால் மெஷின் கண்டபடி காட்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவருக்குச் சாதகமான கோணலை அவர் ஏன் குறை சொல்ல வேண்டும்?

நடைக்கு மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா. மூன்றாம் நாளே முட்டியில் வலி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து மஞ்சள் தைலத்தை எடுத்துத் தடவுவார். பூங்காவுக்குப் பெயர் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் 1893இல் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியவர். தன் பெயரிலான பூங்காவில் தன் தைலத்துக்கு இப்படி ஒரு நிரந்தர வாடிக்கையாளர் கூட்டம் சேரும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் நம்மவர் உடம்பில் கூடுதலாகச் செலவாவது சுமார் 250 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் அடைபட்டுக் கிடப்பது ஏறக்குறைய 7,700. அதாவது, தினமும் தவறாமல் நடந்து, சாப்பாட்டில் ஒரு கவளமும் கூடாமல் பார்த்துக்கொண்டால், ஒரு மாதத்தில் ஒரு கிலோ. ஆனால் கவளம் கூடாமல் எப்படி இருக்கும்? நடந்து வந்தவருக்குப் பசி என்றால் பசி, கபகபவென்று பசி. கேட்டுக்கு வெளியே அருகம்புல் சாறும் வாழைத்தண்டு சூப்பும் ஒரு டம்ளர் குடித்து உடம்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, திரும்பும் வழியில் மனசுக்குச் செய்ய வேண்டியதையும் செய்வார்: ஒரு தட்டு நெய்ப்பொங்கல், மேலே ஒரு மெதுவடை. “நடந்தாச்சே!” என்பதுதான் வாதம். இதில் அவரைத் தனியாகக் கேலி செய்வது நியாயமில்லை. லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற சவப்பெட்டிக்காரர் டாக்டர் பேச்சைக் கேட்டு தினமும் காலையில் படகு வலித்தார். வலுக்கூடியது, கூடவே பசியும் பேயாகக் கூடியது, உடம்பு இளைக்கவில்லை. கடைசியில் ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கில் கை வைத்த பிறகுதான் இளைத்து, 1863இல் அதைச் சிறு நூலாகவும் போட்டார். சாப்பாட்டில் கை வைப்பது என்ற அந்த ஒரு யோசனை மட்டும் நம்மவருக்கு அநாவசியத் தீவிரவாதமாகத் தோன்றும்.

நாலாம் நாள் அதிசயம் நடக்கிறது. 85.5! முந்தின நாள் ஏகாதசி, ராத்திரி சாப்பிடவில்லை என்பதை மறந்துவிட்டு, ஆபீஸில் எல்லோருக்கும் சொல்கிறார். ஐந்தாம் நாள் 86.9. வீட்டில் நிசப்தம்.

“எப்படி? எப்படிங்கறேன்? நேத்து ராத்திரி வெறும் தயிர்சாதம்தானே சாப்பிட்டேன்?”

“தயிர்சாதம்தான். தொட்டுக்க மாவடு எத்தனைன்னு நான் எண்ணலைங்க” என்பார் வீட்டம்மா, வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த அம்மாள் விஞ்ஞானம் படித்தவரில்லை, ஆனால் விஷயம் அதுதான். உப்பு உள்ளே போனால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழக்கமில்லாத கால்களை ஒரேயடியாக நடக்க வைத்தால், நொந்துபோன தசைகளும் கொஞ்ச நாள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். சாப்பாடு, தண்ணீர், போக வேண்டியது போகாதது எல்லாம் சேர்ந்து, ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சகஜம். கொழுப்பு போகிற வேகமோ நாளுக்குச் சில பத்து கிராம். இந்தக் கூச்சலில் அந்த முனகல் எங்கே கேட்கும்? நம்மவர் இதை ஏற்க மாட்டார். மெஷின் பேட்டரியைச் சந்தேகிப்பார். தைராய்டைச் சந்தேகிப்பார். வாயு என்பார். கடைசியில் செத்துப்போன தாத்தாவின் மேல் பழியைப் போடுவார்: “எங்க வம்சத்து உடம்பே இப்படித்தான். பச்சைத் தண்ணி குடிச்சாலும் ஒட்டும்.”

இந்த இனத்துக்கு மூதாதை என்று ஒருவரைச் சொல்லலாம். இத்தாலியில் சான்டோரியோ என்ற வைத்தியர் பெரிய துலாக்கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, தின்றது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் ஏறக்குறைய முப்பது வருஷம் நிறுத்துப் பார்த்தார். 1614இல் புத்தகமும் எழுதினார். தின்றதில் பெரும்பகுதி மலமாகவும் மூத்திரமாகவும் அல்லாமல், கண்ணுக்குத் தெரியாமலே உடம்பை விட்டுப் போகிறது என்று கண்டுபிடித்தார். முப்பது வருஷம் தராசில் உட்கார்ந்தவருக்கு எண் ஏறினாலும் சந்தோஷம், இறங்கினாலும் சந்தோஷம். நம்மவருக்கு இறங்கினால் மட்டும்தான்.

ஆறாம் நாள், ஆபீஸில் பேலியோவில் இருக்கும் நண்பர் வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்புவார். சோறு, இட்லி எல்லாம் நிறுத்திவிட்டு பாதாமும் முட்டையும் பனீருமாக இருப்பவர். “ஒரே வாரம். மூணு கிலோ.” மாவுச்சத்தை நிறுத்தினால், உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்தும் அதைப் போல் மூன்று மடங்குத் தண்ணீரும் முதல் வாரத்திலேயே வெளியேறிவிடும், அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி அதுதான் என்பதை நண்பர் சொல்ல மாட்டார். நம்மவரும் கேட்க மாட்டார். அன்று மாலையே பாதாம் வாங்கி வந்து, இட்லியோடு கூடுதலாகச் சாப்பிடத் தொடங்குவார்.

இத்தனைக்கும் இவரைப் பொறுமையில்லாதவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் 2004இல் வாங்கிப் போட்ட ஒரு கிரவுண்டு மனையைச் சுற்றி இன்னும் ஆடு மேய்கிறது. “அடுத்த வருஷம் பாருங்க, எங்கேயோ போயிடும்” என்கிறார், வருஷா வருஷம். வீட்டுக்கடன் 20 வருஷத்துக்கு. முதல் இரண்டு வருஷம் கட்டிய தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய், அசல் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே இருந்ததை ஸ்டேட்மென்டில் பார்த்துவிட்டு வீட்டம்மா பதறியபோது, “ஆரம்பத்துல அப்படித்தாம்மா இருக்கும். அசையாத மாதிரிதான் தெரியும். நாம பாட்டுக்குக் கட்டிக்கிட்டே இருந்தா பின்னால தானா குறையும்” என்று பாடம் எடுத்தவர் இவரேதான். எட்டாம் நாள் காலையில் அதே வசனத்தை வீட்டம்மா எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்ல, முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் ஒரு கல்யாணம். பந்தியில் ஜாங்கிரியைக் கையால் மறைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, தியாகியின் நடையோடு கைகழுவும் இடத்தில் நிற்கிறார். தூரத்துச் சித்தப்பா ஒருவர் தோளில் தட்டுகிறார்: “என்னடா, லேசாப் பூசினாப்பல இருக்கே! பார்க்க நல்லா இருக்குடா.” பந்தியில் இரண்டாவது ரவுண்டு உட்காருவது முறையில்லை என்பதால்தான் அன்று அவர் திரும்பிப் போகவில்லை.

பதினோராம் நாள் பெரும்பாலான ஷூக்கள் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். மெஷின் கட்டிலுக்கடியில், கொள்ளு டப்பாவின் அடியில். இதில் தப்பிப் பிழைக்கிற சிலரை நான் கவனித்திருக்கிறேன். அவர்கள் மனவுறுதிக்காரர்கள் ஒன்றுமில்லை. ஒருவருக்கு மெஷினில் இருந்த வட்ட பேட்டரி தீர்ந்துபோய், வாங்க மறந்துபோயிற்று. பார்க்க எண் இல்லை, ஆகவே கோபமும் இல்லை. பூங்காவில் அரசியல் பேச நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், அந்தப் பேச்சை விட மனசில்லாமல் தினமும் போனார். பேச்சு சூடாக இருந்த நாட்களில் பொங்கல் கடை மூடும் நேரம்கூடத் தாண்டிப்போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டை வீட்டம்மா சத்தமில்லாமல் ஒரு கரண்டி குறைத்து வைத்தார். கேட்டதற்கு, “அரிசி விலை ஏறிப்போச்சு” என்றார்.

ஆடி போய் ஆவணியும் போய்ப் புரட்டாசி வந்தபோது பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போடச் செருப்புத் தைப்பவரிடம் போனார். அன்று சாயங்காலமே எதிர்வீட்டு மாமா கேட்டைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “என்ன சார், கழுத்தெல்லாம் வத்திப்போச்சு? சுகரா? டெஸ்ட் எடுத்தீங்களா?” என்று கேட்டார். நம் ஊரில் மெலிந்தவனுக்குக் கிடைக்கிற உச்சபட்சப் பாராட்டு அது. முகம் மலர, “சுகரும் இல்லை ஒண்ணும் இல்லை சார், வாக்கிங்” என்றார் நம்மவர்.

மறுநாள் காலை மாமாவும் புது ஷூவோடு பூங்காவுக்கு வந்து நின்றார். தொப்பையைத் தடவிக்கொண்டே, எப்போது பலன் தெரியும் என்று கேட்டார். நம்மவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, அனுபவஸ்தரின் நிதானத்தோடு சொன்னார்:

“பத்தே நாள் சார். பத்து நாள்ல தெரிஞ்சிடும்.”